ஒளிர்வு கூடினால் நலம் கூடியதாகுமா? மைட்டோகாண்ட்ரியா படமெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிருள்ள செல்லில் ஒளிர்சாயம் ஏற்றி, செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைப் படமெடுப்பது இன்று உயிரியல் ஆய்வகங்களில் அன்றாட வேலை. சாயத்தை ஊற்றி, அரை மணி நேரம் காத்திருந்து, தட்டை நுண்ணோக்கியில் வைத்தால் பளிச்சென்று ஒரு படம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தப் படம் சொல்வது, சாயம் எங்கே, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே. அதை வைத்து மைட்டோகாண்ட்ரியா நலமாக இருக்கிறது அல்லது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

முதல் தவறு, செல்லின் வெளிச்சவ்வை மறந்துவிடுவது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு இரு பக்கமும் உள்ள மின்னழுத்த வேறுபாட்டை அளக்கப் பயன்படும் டி.எம்.ஆர்.எம். போன்ற சாயங்கள் நேர்மின்னூட்டம் கொண்டவை. எதிர்மின்னழுத்தம் உள்ள பக்கம் தாமாகவே போய்ச் சேர்பவை. மின்னழுத்தத்தையும் செறிவையும் இணைக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி 37 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் வேறுபாட்டுக்குப் பத்து மடங்கு செறிவு கூடும். வெளியே 20 நேனோமோலார் சாயம் இருக்கிறது, செல்சவ்வின் மின்னழுத்தம் 60 மில்லிவோல்ட் என்று கொண்டால், சைட்டோபிளாசத்தில் 200 நேனோமோலார் சேரும். அங்கிருந்து 180 மில்லிவோல்ட் உள்ள மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இன்னும் ஆயிரம் மடங்கு, அதாவது 200 மைக்ரோமோலார் (2,00,000 நேனோமோலார்) அளவுக்கு ஏறும். இப்போது, நீங்கள் சேர்த்த மருந்து மைட்டோகாண்ட்ரியாவைத் தொடவே இல்லை, செல்சவ்வின் மின்னழுத்தத்தை மட்டும் 60இலிருந்து 30க்குக் குறைத்தது என்று வைத்துக்கொள்வோம். சைட்டோபிளாசத்தில் சாயம் மூன்றில் ஒரு பங்காகும். அதைப் பின்பற்றி மைட்டோகாண்ட்ரியாவிலும் மூன்றில் ஒரு பங்காகும். படத்தில் ஒளிர்வு சரிகிறது, நீங்களோ உள்சவ்வின் மின்னழுத்தம் சரிந்துவிட்டது என்று எழுதிவிடுகிறீர்கள். செல்சவ்வின் மின்னழுத்தத்தைக் காட்டும் வேறொரு சாயத்தை உடன் வைத்துப் பார்க்காமல் இந்த ஐயத்தைத் தீர்க்க முடியாது.

சாயத்தின் செறிவை அலட்சியமாகத் தேர்ந்தெடுப்பது அடுத்தது. சில நேனோமோலார் முதல் சில பத்து நேனோமோலார் வரை ஏற்றினால் ஒளிர்வு மின்னழுத்தத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும். அதைவிட அதிகமாக ஏற்றினால், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நெருக்கியடித்த சாய மூலக்கூறுகள் ஒன்றன் ஒளியை மற்றொன்று அணைத்துவிடும். அந்த நிலையில் மின்னழுத்தம் விழும்போது சாயம் வெளியேறி, அணைப்பு நீங்கி, செல் முழுவதும் ஒளிர்வு கூடும். ஒரே நிகழ்வு, எதிரெதிரான இரண்டு படங்கள்! இரண்டு முறைகளுமே பயன்படக்கூடியவை. எந்த முறையில் இருக்கிறோம் என்று தெரியாமல் வேலை செய்வதுதான் பிழை. குறைந்த செறிவில் படமெடுக்கும்போது சாயத்தைக் கழுவிவிடுவதும் கூடாது. அது சமநிலையில் நிற்கும் சாயம். வெளியே இல்லாவிட்டால் உள்ளே இருப்பதும் மெல்லக் கசிந்து போகும், அந்தக் கசிவு நோய்க்குறி போலத் தோன்றும். சில செல்வகைகள், குறிப்பாகப் புற்றுநோய்ச் செல்கள், பி-கிளைக்கோபுரதம் போன்ற பம்புகளால் சாயத்தை வெளியே தள்ளும் என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சரிசெய்து, மின்னழுத்தத்தைச் சரியாகவே அளந்துவிட்டாலும், அது நலத்தின் அளவுகோல் ஆகிவிடாது. என் கணக்கில் இதுதான் ஆழமான தவறு. மின்னழுத்தத்தை உண்டாக்கும் புரதத் தொடரான சுவாசச் சங்கிலி பழுதான செல்லில், வழக்கமாக ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறை உருவாக்கும் ஏ.டி.பி. சின்தேஸ் பின்னோக்கி ஓடி, கிளைக்காலிசிஸில் (சர்க்கரைச் சிதைவில்) கிடைத்த ஏ.டி.பி.யைச் செலவிட்டுப் புரோட்டான்களை வெளியே தள்ளி, மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். கடன் வாங்கிக் குடும்பம் நடத்துவது போலத்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குறையே தெரியாது. ஏ.டி.பி. சின்தேஸை நிறுத்தும் ஒலிகோமைசின் சேர்த்தால் வேறுபாடு வெளிப்படும்: நல்ல செல்லில் மின்னழுத்தம் சற்றே ஏறும், பழுதான செல்லில் இறங்கும். அதன்பின் எஃப்.சி.சி.பி. சேர்த்து மின்னழுத்தத்தை முழுதும் குலைத்து, எஞ்சும் ஒளிர்வை அந்தச் செல்லுக்கான அடிக்கோடாகக் கொள்ள வேண்டும். இந்த இரண்டு படிகளும் இல்லாத மின்னழுத்த அளவீட்டை நான் பாதி வேலையாகவே கருதுவேன்.

ஒளியும் ஒரு மருந்துதான். தொடக்கக் காலத்தில் நான் ஒரு தட்டைப் பத்து நொடிக்கு ஒரு படம் வீதம் இருபது நிமிடம் எடுத்தேன். நூலிழை போல் நீண்டிருந்த மைட்டோகாண்ட்ரியாக்கள் மணிமணியாக உடைந்தன. சேர்த்திருந்த மருந்தின் வேலை என்று மகிழ்ந்திருந்தபோது, நுண்ணோக்கியின் மேடையைச் சற்று நகர்த்தி, லேசர் படாத பகுதியைப் பார்த்தேன். அங்கே அதே மருந்தில் அவை நீளமாகவே இருந்தன. சாயம் ஏற்றி, மருந்து சேர்க்காமல், அதே ஒளியில் அதே நேரம் வைத்த ஒரு தட்டு எப்போதும் உடன் இருக்க வேண்டும். லேசரின் வலிமையைப் படம் சற்று மங்கலாகத் தெரியும் அளவுக்குக் குறைப்பது நல்லது.

மற்றச் சாயங்களுக்கும் தனித்தனிக் குணங்கள் உண்டு. மின்னழுத்தம் கூடினால் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும் ஜேசி-1 சாயத்தின் பச்சை-சிவப்பு விகிதம் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும், சிவப்பாக ஒளிரும் திரள்கள் உருவாவது ஏற்றிய அளவையும் காத்திருந்த நேரத்தையும் பொறுத்தது. மைட்டோடிராக்கர் பச்சையை மின்னழுத்தம் சாராதது என்று நம்பி மைட்டோகாண்ட்ரியாவின் மொத்த அளவுக்குப் பயன்படுத்துகிறார்கள். அது முற்றிலும் சாராதது அல்ல. சூப்பராக்சைடு என்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவத்தைக் காட்டப் பயன்படும் மைட்டோசாக்ஸ் சிவப்பைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அதுவும் மின்னழுத்தத்தால் உள்ளிழுக்கப்படுவதே. ஆகவே மின்னழுத்தம் குறைந்த செல்லில் சூப்பராக்சைடு மாறாமலே ஒளிர்வு மாறக்கூடும். சூப்பராக்சைடால் உண்டாகும் விளைபொருளும் பிற ஆக்சிஜனேற்றிகளால் உண்டாகும் எத்திடியமும் ஒரே சிவப்பு அலைவரிசையில் கலந்து தெரிவதால், நுண்ணோக்கி மட்டும் அவற்றைப் பிரித்துக் காட்டாது. செல்லின் உட்கருவில் சிவப்பு ஏறினால், சாயம் இடம்பெயர்ந்து டி.என்.ஏ.வில் ஒட்டியதா என்பதை முதலில் ஐயப்பட வேண்டும்.

எண்ணிக்கையில் நேரும் பிழை சிறியதாகத் தோன்றும், முடிவையே மாற்றிவிடும். உச்சம் தொட்ட படப்புள்ளிகளை அளக்கக் கூடாது, பின்னணி ஒளியைக் கழிக்க மறக்கக் கூடாது. ஒரே தட்டில் அளந்த முந்நூறு மைட்டோகாண்ட்ரியாக்கள் முந்நூறு தனி மாதிரிகள் ஆகா. வெவ்வேறு நாளில் வளர்த்த மூன்று தட்டுகள் என்றால் புள்ளியியலுக்கு மாதிரி எண்ணிக்கை மூன்றுதான்.