ஒலி வருகிறது, படம் இல்லை: எல்.இ.டி. தொலைக்காட்சியின் பேக்லைட்டைப் பழுதுபார்த்தல்

செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாகக் கேட்டும் திரை மட்டும் கறுத்துக் கிடந்தால், படம் காட்டும் கண்ணாடித் திரையான பேனலே போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிய பெட்டிக்கு விலை விசாரிக்க வேண்டியதில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சற்றே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். என் வீட்டு 32 அங்குலப் பெட்டியில் இப்படிப் பார்த்தபோது, வெளிச்சம் விழுந்த வட்டத்துக்குள் மட்டும் செய்திப் பட்டையின் எழுத்துகள் சாம்பல் நிழலாக நகர்ந்துகொண்டிருந்தன. அப்படித் தெரிந்தால் பேனலும், படத்தை உருவாக்கி அனுப்பும் மெயின் போர்டும் வேலை செய்கின்றன. பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட்டோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியோதான் பழுதாகியிருக்கிறது.

உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியைத் திறக்காதீர்கள். படக்குழாய் உள்ள பழைய பெட்டியை எந்த நிலையிலும் திறக்காதீர்கள். அதன் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே பின்மூடியைக் கழற்ற வேண்டும். பெட்டிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பவர் போர்டில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர் தடித்து நிற்கும். அதில் 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னோட்டமாக (டி.சி.) மாறி ஏறக்குறைய 325 வோல்ட்டாகவும், சில பெட்டிகளில் அதற்கு மேலும் தேங்கியிருக்கும். அரைமணி நேரம் காத்திருந்து, மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை டி.சி. 1,000 வோல்ட் அளவில் வைத்து அதன் இரு முனைகளையும் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதி செய்யும்வரை போர்டில் கை படக்கூடாது. ஸ்க்ரூடிரைவரால் முனைகளைச் சேர்த்து "பட்"டென்று பொறி பறக்கவிடும் மெக்கானிக்குகளைப் பார்த்திருப்பீர்கள்; அதைப் பழகாதீர்கள்.

அடுத்து, பவர் போர்டிலிருந்து பேக்லைட் வயரைக் கழற்றி, அதில் எல்.இ.டி. டெஸ்டரை, அதாவது விளக்குகளைத் தனியே எரியவிட்டுப் பார்க்கும் கருவியை, இணைக்கலாம். டெஸ்டரின் முனையிலும் உயர் மின்னழுத்தம் இருப்பதால் உலோகத்தைத் தொடாதீர்கள். விளக்குகள் எல்லாம் எரிந்தால் கோளாறு போர்டில் இருக்கிறது. அதைக் கடைக்கு அனுப்புவதே நல்லது. எரியாவிட்டால், விளக்குகள் வரிசையாகப் பதிந்திருக்கும் பட்டையான ஸ்ட்ரிப்பில் இருக்கிறது. பல பெட்டிகளில் விளக்குகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று அறுந்தாலும் வரிசை முழுவதும் அணைந்துவிடும்.

ஸ்ட்ரிப்பை எடுக்கப் பேனலைத் தூக்கியாக வேண்டும். உண்மையான ஆபத்து இங்கேதான். கண்ணாடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய ரிப்பன் போன்ற இணைப்புப் பட்டைகளில் ஒன்று கிழிந்தாலும் வீட்டில் ஒட்டவைக்க வழியில்லை. பேனலின் விலையோ புதிய பெட்டியின் விலையை நெருங்கும். ஆகவே இருவர் சேர்ந்து, இரு பக்கமும் உள்ளங்கை கொடுத்து, கண்ணாடி வளையாமல் தூக்கி, மெத்தை விரிப்பின்மேல் வைக்க வேண்டும். 43 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டியில் இதை முதல்முறையாக முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடியிலுள்ள வெள்ளைத் தாள்களின் வரிசையையும் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கருகிய ஒரு விளக்கை மட்டும் மாற்றினால், அதே சூட்டில் வெந்த அடுத்தது சில வாரங்களில் போய்விடும் என்பதால் முழுத் தொகுப்பையும் மாற்றுங்கள். ஸ்ட்ரிப்பில் அச்சிட்ட எண், விளக்குகளின் எண்ணிக்கை, 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பது மூன்றும் பொருந்த வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஸ்ட்ரிப்பைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது எளிது. புதியதைப் பொருத்தியதும், தாள்களை அடுக்கும் முன்பே டெஸ்டரால் ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். பெட்டியை மூடி ஓடவிட்ட பின், அமைப்புகளில் பேக்லைட் அளவை முழுதாக வைக்காமல் பாதிக்குச் சற்று மேலே வைத்தால் விளக்குகளின் சூடு குறையும்.