இசைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்ம வயதுப் பிள்ளைகள் முதன்முறையாக நண்பர்களோடு பெரிய இசைத் திருவிழாவுக்குக் கிளம்பும்போது, வீட்டில் நடக்கும் ஏற்பாடெல்லாம் பையைச் சுற்றியே இருக்கும். தண்ணீர் பாட்டில், தொப்பி, பவர் பேங்க், மழை கோட்டு. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் போன் கிடைக்காவிட்டால், கூட வந்தவர்களைக் காணவில்லை என்றால், கூட்டம் நெருக்கினால் என்ன செய்வது என்று பேசி வைக்காமல் அனுப்புகிறோமே, அதுதான் பெரிய தவறு. காதடைக்கும் சத்தத்தில், ஆயிரக்கணக்கானோர் நடுவில் நின்றுகொண்டு புதிதாக யோசிப்பது பெரியவர்களுக்கே கடினம். அந்த முடிவுகளை வீட்டிலேயே எடுத்துவிட வேண்டும். அதுவும் கிளம்பும் அன்று வாசலில் நின்று அவசரமாகச் சொல்லக் கூடாது. ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

போனை மட்டும் நம்பி அனுப்புவது

ஒரே மைதானத்தில் பல்லாயிரம் பேர் கூடும்போது அந்தப் பகுதியின் டவர்கள் திணறிவிடும். திரையில் சிக்னல் முழுதாகக் காட்டும், அழைப்பு போகாது. மதியம் அனுப்பிய செய்தி சாயங்காலம் வந்து சேரும். "இங்கேதான் நிற்கிறேன், வா" என்ற செய்தி முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தால், அது உதவி செய்வதற்குப் பதில் ஆளை அலைய வைக்கும். ஆகவே ஒவ்வொரு செய்தியிலும் நேரத்தையும் இடத்தையும் எழுதப் பழக்குங்கள்: "7:20. சாப்பாட்டுக் கடைகள் பக்கம். மூன்று பேரும் சேர்ந்து இருக்கிறோம்." வாட்ஸ்அப் நகராத இடத்திலும் சாதாரண எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்விடும்.

இருப்பிடத்தைக் காட்டும் செயலியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர் உண்டு. டேட்டா நின்றுவிட்டால் அந்தப் புள்ளி கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே நிற்கும். அதைப் பார்த்துப் பதறி அரை மணிக்கு ஒருமுறை அழைத்தால் பிள்ளையின் பேட்டரிதான் காலியாகும். மூன்று நேரங்களை முடிவு செய்துகொள்ளுங்கள்: உள்ளே போனதும், சாயங்காலம் ஒருமுறை, வெளியே வந்ததும். குறித்த நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் தகவல் இல்லை என்றால் முதலில் கூடப் போன நண்பருக்கு, பிறகு அந்த நண்பரின் பெற்றோருக்கு, கடைசியில் ஏற்பாட்டாளர்களின் உதவி எண்ணுக்கு அழைப்பது என்று வரிசையையும் எழுதி வைத்துவிடுங்கள்.

நெரிசலான டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜை இழக்கும். இடைப்பட்ட நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போட்டு வைத்தால் நாள் முழுக்கத் தாங்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கை வாங்கிவிட்டு 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை முழுதாக ஏற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மின்னழுத்தம் மாறும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகும். நிச்சயமாக நம்பக்கூடியது ஒரு முழு சார்ஜ்தான். முதல் நாள் இரவே பவர் பேங்கைச் சார்ஜ் செய்து, எடுத்துப்போகும் அதே கேபிளில் போன் ஏறுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

முக்கியமான மூன்று எண்களைத் தாளில் எழுதி, போன் இல்லாத வேறொரு பாக்கெட்டில் வைக்கச் சொல்லுங்கள். போன் உறைக்குள் வைத்தால் போனோடு அதுவும் போய்விடும். பூட்டிய திரையிலேயே தெரியும்படி அவசரத் தொடர்பு எண்ணையும், ஒவ்வாமை, நோய் விவரங்களையும் பதிந்து வையுங்கள்.

டிக்கெட்டையும் வீட்டிலேயே போனில் இறக்கிவிட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேனே என்றால் சில நேரம் செல்லாது. சில டிக்கெட்டுகளில் பார்கோடு சில நொடிக்கு ஒருமுறை மாறும், படத்தை வாசலில் ஏற்க மாட்டார்கள். வயது வரம்பு, பெரியவர் துணை, பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம், பையின் அளவு ஆகியவை திருவிழாவுக்குத் திருவிழா மாறும். ஏற்பாட்டாளரின் விதிமுறைகளைப் பிள்ளையோடு சேர்ந்தே படியுங்கள்.

"மேடைக்குப் பக்கத்தில் சந்திப்போம்"

எல்லோரும் சொல்வது இதைத்தான். அதனாலேயே அங்கே யாரையும் கண்டுபிடிக்க முடியாது. இருட்டினாலும் தெரிகிற, நகராத, நெரிசல் இல்லாத ஓர் இடம் வேண்டும். முதலுதவிக் கூடாரத்தின் இடது பக்கம், எண் எழுதிய ஒரு விளக்குக் கம்பம், இப்படி. உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக எல்லோரும் அங்கே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மைதானத்துக்கு வெளியே இன்னொன்று. பிரிந்துவிட்டால் தேடி அலையாமல், அடுத்த முழு மணிக்கு அந்த இடத்துக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் நிற்பது; யாரும் வராவிட்டால் மறுபடி அடுத்த மணிக்கு. இந்த ஒரு விதி போதும், போன் இல்லாமலே பிரிந்த நண்பர்கள் சேர்ந்துவிடுவார்கள். கழிப்பறைக்கும் இரண்டு பேராகவே போக வேண்டும்.

நெரிசலைப் பற்றிப் பேசாமல் விடுவது

பயமுறுத்த வேண்டாம் என்று பெற்றோர் தவிர்க்கும் பேச்சு இது. தயவுசெய்து தவிர்க்காதீர்கள். 2000-ல் டென்மார்க்கின் ராஸ்கில்டே திருவிழாவில் மேடை முன்னால் 9 பேர் இறந்தார்கள். 2010-ல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் லவ் பரேடு விழாவின் நுழைவழியில் 21 பேர். 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்டு விழாவில் 10 பேர். அதில் மிகச் சிறியவருக்கு வயது 9, மூத்தவருக்கு 27.

இப்படிப்பட்ட இடங்களில் மிதிபட்டு இறப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. நின்றபடியே நாலாபக்கமும் அழுத்தம் ஏறி, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோகிறது. பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர்கள் ஆளுக்கு ஓர் அடி எடுத்து வைத்தால்கூட அந்த அழுத்தம் அப்படியே முன்வரிசைக்கு வந்து சேரும்.

தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் சாக்பீஸால் வரைந்து, வீட்டில் இருப்பவர்களை அதற்குள் ஒவ்வொருவராக நிற்க வையுங்கள். மூன்று, நான்கு பேர் வரை திரும்ப முடியும். ஐந்தாவது ஆள் வந்ததும் உடம்போடு உடம்பு உரசும். ஆறுக்கு மேல் போனால் கூட்டம் தண்ணீர் போல அலையடிக்க ஆரம்பிக்கும். தனி ஆள் தன் விருப்பத்துக்கு நகர முடியாது. இதை ஒருமுறை உடம்பால் உணர்ந்த பிள்ளை மறக்காது.

விலக வேண்டிய நேரத்தை இரண்டு அறிகுறிகள் சொல்லும். இரண்டு தோளிலும் ஒரே நேரத்தில் ஆள் இடித்துக்கொண்டே இருப்பது ஒன்று. கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியாமல் போவது மற்றொன்று. முதல் அறிகுறியிலேயே வெளியே வந்துவிட வேண்டும். இரண்டாவது வரும்போது பல நேரம் தாமதமாகிவிடும்.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியதை வீட்டில் நின்று பழகிப் பார்க்கட்டும். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், முட்டி லேசாக மடங்கி இருக்கட்டும். குத்துச்சண்டைக்காரர் நிற்பதுபோல முன்கைகளை மார்புக்கு முன் வைத்து, மூச்சு விட ஒரு சாண் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். அலை தள்ளும்போது எதிர்த்துத் தள்ளக் கூடாது, அதோடு போக வேண்டும். அலை தணியும் அந்தச் சில நொடிகளில் குறுக்குவாட்டில், ஓரத்தை நோக்கி ஓரிரு அடி நகர வேண்டும். இப்படியே விட்டு விட்டு வெளியேறலாம். கத்துவது மூச்சை வீணாக்கும். கீழே எது விழுந்தாலும், போனே ஆனாலும், குனியக் கூடாது. தடுப்புக்கு அருகில் இருந்தால் இரண்டு கையையும் உயர்த்திப் பாதுகாவலரின் கண்ணில் படும்படி காட்டினால் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள். விழுந்து, எழ முடியாமல் போனால் மல்லாக்கவோ குப்புறவோ படுக்காமல் பக்கவாட்டில் சுருண்டு, கைகளால் தலையைக் காக்க வேண்டும். பக்கத்தில் யாராவது விழுந்தால் சுற்றி இருப்பவர்கள் கையைக் கோத்து இடம் உண்டாக்கி உடனே தூக்கிவிட வேண்டும்.

"முன்வரிசை வேண்டாம்" என்று சொன்னால் பதினாறு வயதில் யார் கேட்பார்கள்? ஒலிப் பொறியாளரின் மேசை இருக்கும் கூடாரத்தைக் காட்டுங்கள். அவர் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் மொத்த ஒலியும் சரிசெய்யப்படுகிறது. அதற்குச் சற்றுப் பின்னால், ஓரமாக நின்றால் பாட்டு நன்றாகக் கேட்கும், வெளியேறவும் வழி இருக்கும். இசைக்காகப் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் காரணம் எடுபடும்.

தண்ணீர்: குறைவும் தவறு, மிகையும் தவறு

பிடித்த இடம் போய்விடும் என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் நிற்கும் பிள்ளைகள்தான் மயங்கி விழுகிறார்கள். வெயிலில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், சுமார் 200 முதல் 250 மில்லி, குடிக்கலாம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. சாப்பிடாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். உப்புச் சேர்ந்த ஏதாவது உள்ளே போக வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சில 200 மில்லிக்கு, சில 1 லிட்டருக்கு. அட்டையில் போட்டிருக்கும் அளவில்தான் கலக்க வேண்டும்.

தலைசுற்றல், அதிக வியர்வை, தசைப்பிடிப்பு என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு போதும். பேச்சு குழறினாலோ, இருக்கும் இடம் தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத்தாக்கு. உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிட்டு, அவர்கள் வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

காதை மறந்துவிடுவது

85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிலிடங்களுக்கான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ஒலிபெருக்கிகளுக்கு அருகில் அதற்கும் மேலே போகும். நுரை இயர்பிளக்கை அப்படியே சொருகினால் பயனில்லை. விரலால் மெல்லிதாக உருட்டி, மறு கையால் காதின் மேல்நுனியைப் பின்னோக்கி மேலே இழுத்து, உள்ளே வைத்து, விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நுரை வகையில் பாட்டு மங்கலாகக் கேட்பதால் பிள்ளைகள் கழற்றிவிடுவார்கள். இசைக்கலைஞர்கள் போடும் வடிகட்டி வைத்த வகை கொஞ்சம் விலை கூடினாலும், ஒலியைக் கெடுக்காமல் குறைக்கும், காதில் தங்கும்.

திட்டுக்குப் பயந்து கூப்பிடாமல் இருக்கும் பிள்ளை

மது, போதைப்பொருள் கூடாது என்று சொல்லியிருப்பீர்கள். சொல்ல வேண்டியதுதான். அதோடு, தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லியாக வேண்டும். "எது நடந்திருந்தாலும் கூப்பிடு. வந்து அழைத்துப் போவோம். அன்று ராத்திரி ஒரு கேள்வியும் இருக்காது." இதைச் சொன்னபடி காப்பாற்றவும் வேண்டும், ஒருமுறை மீறினால் அடுத்த முறை அழைப்பு வராது. நண்பர்கள் முன்னால் பேசக் கூச்சமாக இருந்தால் அனுப்ப ஒற்றை எழுத்தைக் குறிச்சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள். அது வந்ததும் நீங்களே அழைத்து, "உடனே கிளம்பி வா" என்று கண்டிப்பாகச் சொல்வதுபோலச் சொல்லிவிடலாம்.

நண்பர் நினைவிழந்தால் "தூங்கட்டும், தெளிந்துவிடும்" என்று விடுவது உயிருக்கே ஆபத்து. வாந்தி மூச்சுக்குழாயை அடைக்காதபடி பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, ஒருவர் அருகிலேயே இருக்க, இன்னொருவர் உதவி கூப்பிட வேண்டும். என்ன உட்கொண்டார், எப்போது, எவ்வளவு என்று மருத்துவக் குழுவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சிகிச்சை அதைப் பொறுத்தது. கையை விட்டுக் கீழே வைத்த பானத்தை, அது வெறும் ஜூஸாக இருந்தாலும், மறுபடி எடுத்துக் குடிக்கக் கூடாது.

சின்னச் சின்ன விஷயங்கள்

புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம். ஏற்கெனவே பழகிய, விரல்களை மூடிய ஷூவே சரி. கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட வேண்டும். இன்ஹேலர் போன்ற மருந்துகளைப் பெயர் அச்சிட்ட அதன் டப்பாவிலேயே, மருத்துவர் சீட்டோடு எடுத்துப்போகட்டும். மின்னி மின்னி எரியும் ஸ்ட்ரோப் விளக்கு ஒத்துக்கொள்ளாத பிள்ளையாக இருந்தால், கண்ணை மூடிக்கொள்வது மட்டும் போதாது. ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மறைத்துக்கொண்டு விளக்கிலிருந்து திரும்பிவிட வேண்டும்.

திரும்பி வரும் ஏற்பாட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் ஒரே வாசலை நோக்கிப் போவார்கள். இரண்டு பாட்டு முன்னதாகவே கிளம்பலாம், அல்லது முடிந்தபின் அரை மணி நேரம் திறந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். வண்டியோடு வாசலில் காத்திருந்தால் நீங்களும் நெரிசலில் நிற்பீர்கள். பத்துப் பதினைந்து நிமிட நடைதூரத்தில், வெளிச்சமுள்ள ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காதில் ரீங்காரம் கேட்கிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஓரிரு நாளில் அது அடங்காவிட்டால், அல்லது ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால், தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.