அஞ்சு அரியரோடு ஆரம்பித்து எல்.எல்.பி.க்கு விண்ணப்பித்த கதை

பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருடம் முடியும்போது கையில் அஞ்சு அரியர். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த எனக்குப் பாதி வகுப்பு புரியவில்லை, மீதியை நானே கட் அடித்தேன், அதை வேறு யார் மேலும் போட முடியாது.

இரண்டாம் வருடம்தான் சட்டம் படிக்கும் ஆசை வந்தது. தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாக மூன்று வருட எல்.எல்.பி.க்குப் போக நுழைவுத்தேர்வு கிடையாது, பட்டப்படிப்பு மார்க்கை வைத்துத்தான் தரவரிசை. பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், ஆனால் சீட் கிடைக்க அது எங்கே போதும்? அதே பல்கலைக்கழகம் நேரடியாக நடத்தும் சீர்மிகு சட்டப்பள்ளியின் ஹானர்ஸ் எல்.எல்.பி. படிப்புக்கு 60 வேண்டும். ஏன் முதல் வருடம் சொதப்பினாய் என்று விளக்கக் கட்டுரையும் இல்லை, நேர்காணலும் இல்லை, மார்க் மட்டும்தான் பேசும்.

நான் செய்த ஒரே நல்ல காரியம், அரியரைப் பாஸ் மார்க்குக்காக எழுதாமல் புதுப் பேப்பர் மாதிரி படித்து எழுதியது. (முதல் இரண்டு பேப்பரை அவசரமாக எழுதி 40, 42 வாங்கியது இன்னும் உறுத்துகிறது.) அப்படியும் முதல் வருட சராசரி 47தான். மீதி நாலு செமஸ்டரில் 74 எடுத்ததால் மொத்தம் 65க்கு வந்தது.

சரி, ஹானர்ஸ் கிடைக்கவில்லை. இரண்டாம் கட்டக் கலந்தாய்வில், வீட்டிலிருந்து ஆறு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு அரசு சட்டக் கல்லூரி கிடைத்தது. மறுநாளே டி.சி. வாங்க ஓடினேன்.