கனடாவின் வீடுகளுக்குள் நடந்த மாற்றம்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு விளக்கம்

கனடாவுக்குப் புதிதாக வரும் நம்மவர்களுள் பலர், இந்த நாட்டைப் பற்றிய ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டே விமானத்தை விட்டு இறங்குகிறார்கள். அந்தப் படத்தைத் தந்தவர்கள் பெரும்பாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த மாமாமாரும் சித்திமாரும் ஆவர். ரொறன்ரோவின் செயின்ற் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிகளில் இரண்டு அறைகளுக்குள் எட்டுப் பேர் படுத்தெழும்பியதும், பின்னர் ஸ்காபரோவில் வீடு வாங்கியதும், அங்கிருந்து மார்க்கம், ஏஜாக்ஸ் என்று நகர்ந்ததும் உண்மையே. ஆனால் அந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் இந்த நாட்டின் வீடுகளுக்குள் யார் வாழ்கிறார்கள், எத்தனை பேர் வாழ்கிறார்கள், என்ன உறவில் வாழ்கிறார்கள் என்பவை பெரிதும் மாறிவிட்டன. நீங்கள் வாடகைக்கு வீடு தேடுவது முதல் பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்ப்பது வரை எதிர்கொள்ளும் பல சிரமங்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பதால், வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2021ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, கனடாவின் வீடுகளில் 29.3 சதவீதமானவற்றில் ஒரேயொருவர் மட்டுமே வாழ்கிறார். 1981இல் தனித்து வாழ்ந்தோர் ஏறத்தாழ 17 இலட்சம். 2021இல் அந்தத் தொகை 44 இலட்சம். தாய், தந்தை, பிள்ளைகள் என்ற குடும்பத்தை விடவும் தனியாள் வீடே இன்று அதிகம் காணப்படும் வகை. இந்த ஒரு செய்தியை மனதில் இருத்திக்கொண்டால், அயலவர்கள் பழகும் விதம் உங்களை அவ்வளவாகப் புண்படுத்தாது.

நான் வந்த முதற்குளிர்காலத்தில், எதிர்க்கதவில் ஒரு மூதாட்டி தனியாக வாழ்ந்தார். கதவோரத்தில் சப்பாத்து வைக்கும் கறுப்புத் தட்டு ஒன்று இருக்கும். அதில் எந்நாளும் ஒரேயொரு சோடிச் சப்பாத்து, அதன் விளிம்பில் வீதிக்குத் தூவும் உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கும். தைப்பொங்கல் அன்று, ஊரில் செய்வதுபோல, ஒரு கிண்ணத்தில் பொங்கலை எடுத்துக்கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். சங்கிலியைக் கழற்றாமலேயே கதவைச் சிறிது திறந்தவர், முகம் வெளிறி, "ஏதாவது நடந்துவிட்டதா?" என்று கேட்டார். அவருக்கு எதிர்பாராத கதவுத்தட்டு என்பது தீவிபத்தோ மரணச் செய்தியோதான் என்பது எனக்கு அன்று தெரியாது. இரண்டு நாள் கழித்து என் கதவின் கீழால் ஒரு சிறு துண்டுக்கடிதம் வந்தது. சனிக்கிழமை மூன்று மணிக்குத் தேநீருக்கு வர இயலுமா என்று கேட்டிருந்தார். மூன்று மணிக்கு நான் போனபோது கதவு திறந்தே இருந்தது, மேசையில் இரண்டு கோப்பைகள் தயாராக இருந்தன, கழுவித் துடைத்த என் கிண்ணமும் அருகில் இருந்தது.

ஆகவே, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதை இங்குள்ளவர்களின் பாராமுகமாக எண்ணாதீர்கள். தனித்து வாழ்பவர்களின் நாட்டில் அது ஒரு மரியாதை. நேரம் குறித்து அழையுங்கள், குறித்த நேரத்துக்குச் செல்லுங்கள், மின்தூக்கியில் காண்பவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள்; உங்கள் மாடியில் ஒருவருடனாவது பெயர் சொல்லிப் பேசும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த மாற்றத்துக்கு முதுமை ஒரு பெரிய காரணம். 2016இல், இந்நாட்டின் குடிசன மதிப்பீட்டு வரலாற்றில் முதற்தடவையாக, 65 வயதைக் கடந்தவர்களின் தொகை 14 வயது வரையான சிறுவர்களின் தொகையை விஞ்சியது. மறுபுறம், வாடகையும் வீட்டு விலையும் ஏறியதால், 20 முதல் 34 வயது வரையானவர்களுள் 35 சதவீதமானோர் பெற்றோருடன் வாழ்கிறார்கள். உறவில்லாதோர் சேர்ந்து வாடகை பகிரும் வீடுகள் 2001க்கும் 2021க்கும் இடையில் பாதிக்கு மேல் பெருகியுள்ளன. மூன்று தலைமுறையினர் ஒன்றாக வாழும் வீடுகளோ 2.9 சதவீதம் மட்டுமே. அப்பம்மாவும் பேரப்பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது நமக்கு இயல்பு. ஆனால் இங்குள்ள இரண்டறைத் தொடர்மாடிகள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதை வீடு பார்க்கும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் அதுவே. சொந்த வீட்டில் வாழும் குடும்பங்களின் பங்கு 2011இல் 69 சதவீதமாக இருந்து 2021இல் 66.5 சதவீதமாகக் குறைந்தது. அதாவது, வாடகைக்கு வீடு தேடும் வரிசையில் உங்களுடன் இந்நாட்டில் பிறந்தவர்களும் நிற்கிறார்கள். அந்த நெருக்கடியைப் பயன்படுத்தி, ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டம் அனுமதிக்காத முற்பணங்களைக் கேட்பவர்கள் உண்டு. என்னிடமும் ஒருவர், அவர் நம்மவரேதான், "சேதத்துக்கான வைப்புப் பணம்" என்று ஒரு தொகையை வாங்கினார். அது திரும்பி வரவில்லை. ஒன்ராறியோச் சட்டப்படி, வீட்டு உரிமையாளர் வாடகை வைப்பாகப் பெறக்கூடியது கடைசி மாத வாடகைக்கான ஒரு மாதத் தொகை மட்டுமே. சேதத்துக்கென்று தனிப்பணம் கேட்க அவருக்கு உரிமையில்லை. வாடகையை உயர்த்துவதாயின் 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும், அதையும் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மட்டுமே செய்யலாம். அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் உச்சவரம்பு 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேற்றப்பட்ட வீடுகளுக்குப் பொருந்தாது என்பதால், நீங்கள் பார்க்கும் வீடோ பேஸ்மென்றோ (வீட்டின் நிலக்கீழ்த் தளம்) முதன்முதலாக எப்போது குடியிருப்பாகப் பயன்பட்டது என்பதைக் கேட்டறியுங்கள். இன்னொன்றையும் மிகக் கவனமாகப் பாருங்கள்: சமையலறையையோ குளியலறையையோ உரிமையாளருடன் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடாக இருந்தால், வாடகையாளரைப் பாதுகாக்கும் அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. உறவினர் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கும் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். உறவாக இருந்தாலும் தொகையையும் காலத்தையும் எழுதிக் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

திருமணத்தைப் பற்றிய பேச்சிலும் கவனம் தேவை. கனடாவில் இணைந்து வாழும் சோடிகளுள் ஏறத்தாழ 23 சதவீதமானோர் திருமணப் பதிவில்லாமல் வாழ்கிறார்கள். கியூபெக் மாகாணத்தில் இது 43 சதவீதம். ஒருபாற் திருமணம் 2005 முதல் நாடு முழுவதும் சட்டபூர்வமானது. வேலைத்தலத்தில் ஒருவர் தன் துணைவரைப் பற்றிப் பேசும்போது, "எப்போது கலியாணம்?" என்று கேட்பது அவரைச் சங்கடப்படுத்தும். பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து இணைந்து வாழ்ந்தவர்களை வருமான வரிச் சட்டம் துணைவர்களாகவே கணிக்கிறது என்பதையும், படிவங்களில் உங்கள் நிலையை உள்ளபடியே நிரப்ப வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிள்ளைகள் குறைந்துவரும் நாடு இது. 2023இல் ஒரு பெண்ணுக்கு 1.26 பிள்ளை என்ற அளவுக்கு மகப்பேறு வீதம் இறங்கியது. அப்படியிருந்தும் பராமரிப்பு நிலையங்களில் இடம் கிடைப்பது கடினம், காரணம், தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் குடும்பமே இங்கு வழமை. பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கும் மத்திய அரசின் திட்டத்தில் ஒன்ராறியோ 2022 மார்ச்சில் இணைந்தது. 2025 தொடக்கம் அத்திட்டத்திலுள்ள நிலையங்களில் பெற்றோர் செலுத்தும் கட்டணம் நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேற்படலாகாது. கட்டணம் குறைந்ததும் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. ஆகவே பிள்ளை கருவில் இருக்கும்போதே பெயரைப் பதிந்துவிடுங்கள்.

பிள்ளையை அடித்து வளர்க்கும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடும்படி உங்களை மன்றாடிக் கேட்கிறேன். தடி, அடிமட்டம் போன்ற பொருட்களால் அடிப்பதும், தலையில் அடிப்பதும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையோ பதின்ம வயதினரையோ அடிப்பதும் சட்டப் பாதுகாப்புக்கு உட்படாதவை என்று 2004இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. பிள்ளை துன்புறுத்தப்படுவதாக ஆசிரியரோ மருத்துவரோ சந்தேகித்தால் அதைச் சிறுவர் நலச் சேவைக்கு அறிவிப்பது அவரது சட்டக் கடமை. அவர் உங்கள் மீது பகைகொண்டு அதைச் செய்வதில்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது நம் பெற்றோரின் நிலை. பெற்றோருக்கான நீண்டகால வருகை அனுமதியான சூப்பர் விசாவில் வரும் தாய் தந்தையர் ஒரே தடவையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால் குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்கான தனியார் மருத்துவக் காப்புறுதி வேண்டும், அரச முதியோர் உதவிப்பணம் கிடையாது. நிரந்தரமாக அழைப்பவர்கள் கியூபெக்குக்கு வெளியே இருபது ஆண்டுகள் அவர்களுடைய பொறுப்பை ஏற்று ஒப்பமிடுகிறார்கள். பணக்கணக்கை எல்லோரும் பார்க்கிறார்கள், பகற்பொழுதின் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. மகனும் மருமகளும் ஏழு மணிக்குப் புறப்பட்டு, பேரப்பிள்ளை பள்ளிக்கூடப் பேருந்தில் ஏறிய பின்னர், மாலை நான்கு மணி வரை அந்த அம்மா யன்னலோரத்தில் இருந்து வெறும் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊரில் அவருக்கு வேலியோரத்தில் ஒரு உலகமே இருந்தது. குடிசன மதிப்பீடு அவரைத் தனித்து வாழ்பவராக எண்ணாது. ஆனாலும் அந்தப் பகற்பொழுது முழுவதும் அவர் தனியாகவே வாழ்கிறார்.

இதற்கு வழி உண்டு, அதை அவர் வந்த முதல் வாரத்திலேயே செய்ய வேண்டும். குளிர்காலத்துக்கு முன்னர் வருமாறு பயணத்தை ஒழுங்குசெய்யுங்கள். பேருந்தில் எப்படி ஏறுவது, எந்தத் தரிப்பில் இறங்குவது என்பதை இரண்டு மூன்று தடவை கூடவே போய்ப் பழக்குங்கள். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் உள்ளன. ரொறன்ரோவில் வசிப்பவர்களுக்கு உறுப்பினர் அட்டை இலவசம், தமிழ் நூல்களும் கிடைக்கும், சில கிளைகளில் புதிதாக வந்தவர்களுக்கு உதவும் குடியமர்வு ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அரசின் இலவச ஆங்கில வகுப்புகள் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோருக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகளுக்கும் உரியவை, அவற்றுக்கு உச்ச வயது எல்லை இல்லை. எந்தச் சேவை எங்கே கிடைக்கும் என்று தெரியாதபோது 211 என்ற இலக்கத்தை அழைத்து, தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, அவசர உதவிக்கான 911க்குப் பக்கத்தில், அம்மாவின் கண்ணுக்குத் தெரியுமாறு குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.