பவுணை நானூறால் பெருக்குவதற்கு முன்: மலையகத்தில் குடியேற எண்ணும் பிரித்தானியர்க்கு ஒரு செலவுக் கணக்கு

லண்டனில் இருந்து அழைக்கும் சொந்தக்காரர்கள் நலம் விசாரித்து முடித்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஊரில் வந்து இருப்பதென்றால் மாதம் எவ்வளவு வேண்டும்?" பதிலையும் அவர்களே கையில் வைத்திருப்பார்கள். ஒரு பவுண் ஏறத்தாழ நானூறு ரூபா, ஆயிரம் பவுண் நான்கு இலட்சம், நான்கு இலட்சம் இருந்தால் இலங்கை மலைநாட்டின் பண்டாரவளையில் ஒரு குறையும் இல்லாமல் வாழலாம் என்பது அந்தப் பதில். வந்திறங்கும் மாதத்துக்கு அந்தப் பெருக்கல் பொருந்தும். பத்தாம் ஆண்டிலும் அது பொருந்த வேண்டுமானால் கணக்கை வேறு விதமாகப் போட வேண்டும். பிரித்தானியக் குடியுரிமை பெற்ற என் சித்தப்பாவும் சித்தியும் 2023 இல் இங்கு திரும்பி வந்தபோது அவர்களுடைய முதலாண்டுச் செலவுக் கொப்பியை எழுதியவன் நான் என்பதால், கீழே சொல்வதில் பாதி அந்தக் கொப்பியில் இருந்து வருவது.

செலவைப் பார்ப்பதற்கு முன்னர் வருமானத்தைப் பாருங்கள். பிரித்தானிய அரச ஓய்வூதியத்தை இலங்கையில் இருந்தபடியே பெறலாம். ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரலில் அங்கே கிடைக்கும் உயர்வு இங்கு வசிப்பவருக்குக் கிடையாது. நீங்கள் குடிபெயரும்போது எந்தத் தொகையைப் பெறுகிறீர்களோ, இங்கு வந்த பின் விண்ணப்பித்தால் முதன்முதலில் எந்தத் தொகை கிடைக்கிறதோ, அந்தத் தொகையிலேயே அது நின்றுவிடும். 2016 ஏப்ரலில் புதிய ஓய்வூதியத் திட்டம் தொடங்கியபோது முழுத் தொகை வாரத்துக்கு 155.65 பவுண். 2025 ஏப்ரலில் அது 230.25 பவுண் ஆயிற்று. 2016 இல் முழுத் தொகை பெறத் தொடங்கி உடனே நுவரெலியாவுக்கு வந்துவிட்ட ஒருவர் இன்றும் 155.65 பவுணையே பெறுகிறார். லண்டனில் தங்கிவிட்ட அவருடைய நண்பரோ 2025 ஏப்ரல் வீதப்படியே வாரத்துக்கு ஏறத்தாழ 75 பவுண் கூடுதலாகப் பெற்றார். பவுணுக்கு எதிராக ரூபா இறங்கிக்கொண்டே போவதால் இந்த இழப்பு சில ஆண்டுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. விலைவாசி அதை முந்திக்கொண்டு ஓடத் தொடங்கும்போதுதான் கை சுருங்குவது புரியும். ஆகவே திட்டத்தை வகுக்கும்போது ஓய்வூதியம் ஒரு சதமும் ஏறாது என்றும், செலவு ஆண்டுதோறும் ஏறும் என்றும் எடுத்துக்கொண்டே கணக்கிடுங்கள். குறைந்த வருமானக்காரருக்கான பென்ஷன் கிரெடிட்டும் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவும் இங்கு நிரந்தரமாக வந்துவிட்டால் தொடர்வதில்லை.

ஓய்வூதியத்தோடு சேர்ந்த ஒரு சிறு விடயம் பின்னர் பெருந்தொல்லை தரக்கூடியது. நீங்கள் உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்தும் படிவம் ஒன்று அவ்வப்போது தபாலில் வரும். அதைச் சாட்சிக் கையொப்பத்துடன் திருப்பி அனுப்பாவிட்டால் கொடுப்பனவு நிறுத்தப்படும். தோட்டத்து முகவரிக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் இறங்கி, யாரோ ஒருவர் கையில் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்பது மலையகத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். தபால்காரர் நேரே வந்து கொடுக்கும் நகர முகவரி ஒன்றைப் பதிவு செய்யுங்கள்.

அடுத்தது இங்கே எந்த உரிமையில் தங்கப் போகிறீர்கள் என்பது. உங்கள் செலவின் அளவைத் தீர்மானிப்பதே இதுதான். இலங்கையராக இருந்து பிரித்தானியர் ஆனவர்கள் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆயினும் மலையகத்தாருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, பின்னர் வெவ்வேறு சட்டங்களின் கீழ் பதிவு மூலம் பிரஜைகளானவர்களின் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாமல் போவதுண்டு. தகப்பனாரின் பிரஜாவுரிமைச் சான்றிதழையும் தேடி எடுக்க வேண்டிவரும். அந்தப் பழைய தாள் எந்த அண்ணன் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது என்பதை லண்டனில் இருக்கும்போதே விசாரித்து வையுங்கள்.

இரட்டைக் குடியுரிமை இல்லாதவர்கள், 55 வயதைக் கடந்திருந்தால், 'மை டிரீம் ஹோம்' எனப்படும் வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 15,000 அமெரிக்க டொலர் வைப்பும், மாதந்தோறும் பிரதான விண்ணப்பதாரருக்கு 1,500 டொலரும், துணைக்கு 750 டொலரும் வெளிநாட்டில் இருந்து வரவேண்டும் என்பது அதன் நிபந்தனை. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள தொகையைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2025 ஏப்ரல் வீதமான வாரம் 230.25 பவுண் என்பது மாதம் ஏறத்தாழ 998 பவுண். டொலரில் அது ஆயிரத்து முந்நூறை ஒட்டித்தான் வரும். அரச ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வரும் தனியாள் இந்த நிபந்தனையைத் தாண்ட முடியாது. கணவன், மனைவி இருவருக்கும் முழு ஓய்வூதியம் இருந்தால் தேவையான 2,250 டொலரைத் தாண்டிவிடலாம்.

காணி வாங்கும் எண்ணம் இருந்தால் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தை நினைவில் வையுங்கள். வெளிநாட்டவர் இங்கு காணியை உரிமையாக வாங்க முடியாது. தொடர்மாடி வீட்டை, முழுப் பணத்தையும் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து வாங்கலாம். மலைநாட்டுச் சிறு நகரங்களில் அப்படியொரு வீட்டைத் தேடுவது ஆடி மாதத்து ஹட்டனில் வெயிலைத் தேடுவது போலத்தான். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சொந்தக்காரர் ஒருவரின் பெயரில் வாங்கிவிடலாம் என்று எவரேனும் யோசனை சொன்னால், காணியும் போய் உறவும் போன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் வாடகைக்கு இருப்பதே நல்லது.

வாடகை வீட்டை எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பது வீட்டைப் போலவே முக்கியமானது. சித்தப்பா நுவரெலியாவில் வீடு பார்த்தது ஏப்ரலில். வெயில், பூக்கள், வசந்தகாலக் கூட்டம். கடல்மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள அந்த ஊரில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் படுக்கையறைச் சுவரில் பச்சை பூத்தது. துவைத்த கம்பளிச் சட்டை ஐந்தாம் நாளும் ஈரமாகவே தொங்கியது. சித்தி குளியலறையில் ஹீற்றரையும் வரவேற்பறையில் இன்னொரு சூடாக்கியையும் ஓடவிட்டார். அந்த மாத மின்சாரப் பட்டியலில் 240 அலகு. தொகை பதினான்காயிரம் ரூபாவைத் தாண்டியிருந்தது. நம் நாட்டில் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 அலகைத் தாண்டியதும் அதன்பின் வரும் ஒவ்வொரு அலகுக்கும் மிக உயர்ந்த விலை. கொப்பியில் அந்த வரிக்குப் பக்கத்தில் சித்தப்பா சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார். அந்த வீட்டை விட்டபோது, ஓராண்டு முற்பணத்தில் பாதியை வீட்டுக்காரர் திருப்பித் தரவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததால் கேட்கவும் வழியிருக்கவில்லை.

அவர்கள் பின்னர் பண்டாரவளைக்கு வந்தார்கள். ஊவாப் பக்கம் சுமார் 1,200 மீற்றர் உயரம். தென்மேற்குப் பருவத்தில் காய்ந்த காற்று, வருடக் கடைசியில் மழை. சூடாக்கியும் வேண்டாம், குளிரூட்டியும் வேண்டாம் என்பதே அங்கு பெரிய சேமிப்பு. மூன்று அறை வீட்டுக்கு அவர்கள் கொடுப்பது மாதம் 65,000 ரூபா. ஆறு மாத முற்பணம். பெருநகரத்து வசதிகள் வேண்டும் என்பவருக்குக் கண்டி ஏற்றது, வாடகை அதற்கேற்ப ஏறும். எங்கே போனாலும் சரிவில் உள்ள வீட்டைப் பேசுவதற்கு முன் அந்த இடம் மண்சரிவு அபாய வலயத்தில் உள்ளதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். 2014 இல் மீரியபெத்தையில் லயங்களையே மூடிய மண்ணையும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது வீதிகளும் புகையிரதப் பாதையும் துண்டிக்கப்பட்டுக் கிடந்ததையும் கண்ட பின் மலைநாட்டில் யாரும் இந்த விசாரணையைத் தவிர்ப்பதில்லை.

சமையலறைச் செலவு நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதில் தங்கியிருக்கிறது. அரிசி, மைசூர் பருப்பு, போஞ்சி, லீக்ஸ், கோவா, முட்டை, கருவாடு என்று சந்தையை நம்பி வாழ்ந்தால் இருவருக்கு மாதம் அறுபதாயிரம் ரூபாவில் தாராளமாகச் சாப்பிடலாம். செடார் சீஸ், ஒலிவ் எண்ணெய், காலையில் ஓட்ஸ், வார இறுதியில் விஸ்கி என்று லண்டன் பழக்கம் தொடர்ந்தால், இறக்குமதி வரிகளும் 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான பெறுமதிசேர் வரியும் சேர்ந்து, அங்கே கொடுத்ததைவிடக் கூடவே கொடுப்பீர்கள். சித்தியின் முதல் மாதத்துக் கடைப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு சீஸுக்கும் சொக்லேட்டுக்கும் தானியப் பெட்டிகளுக்கும் போயிருந்தது. ஐந்தாம் மாதத்தில் அந்த வரிசையில் பாணும் கட்டச் சம்பலும் வந்துவிட்டன. மரக்கறி விளையும் ஊரிலேயே மரக்கறி எப்போதும் மலிவு என்றும் எண்ண வேண்டாம். 2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட் இரண்டாயிரம் ரூபாவைத் தொட்டது. மொத்த மரக்கறிச் சந்தையான பொருளாதார மத்திய நிலையத்துக்கு வரத்துக் கூடும் நாளும் குறையும் நாளும் உங்கள் ஊர்க் கடைக்காரருக்குத் தெரியும், அவரோடு பழகுங்கள்.

வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது லண்டன் கண்ணுக்கு மலிவாகத் தெரியும். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் ஆயிரம் ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. அதைப் பெறவே அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு அதைவிடக் குறையாமல், சாப்பாடும் பேருந்துக் காசும் சேர்த்து, மாத முதல் வாரத்திலேயே கொடுங்கள். இதைச் சேமிப்புக்குரிய இடமாகப் பார்ப்பது முறையல்ல.

சொந்த வாகனம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: விலை லண்டன் விலையின் பல மடங்கு, ஆகவே முதலாண்டு வேண்டாம். பழகிய முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரும், தூரப் பயணத்துக்கு வாடகை வேன் ஒன்றும் போதும்.

கணக்கில் பலரும் வெற்றாக விடும் வரி மருத்துவம். நிரந்தரமாக வெளியேறியதும் பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் இலவச உரிமை போய்விடும். இடையில் விருந்தாளியாகப் போய் இங்கிலாந்து வைத்தியசாலையில் சேர்ந்தால் வழமைச் செலவின் ஒன்றரை மடங்கு அறவிட இடமுண்டு. இங்கே அரச வைத்தியசாலைகள் இலங்கைப் பிரஜைகளுக்கு இலவசம். விசாவில் இருப்பவர் அந்த நம்பிக்கையில் வரக்கூடாது. தனியார் இடத்தில் விசேட வைத்தியரைச் 'சனல்' செய்ய, அதாவது முன்பதிவு செய்து பார்க்க, ஒரு தடவைக்கு மூவாயிரம் ரூபா அளவில் ஒதுக்குங்கள். இருதயம், சிறுநீரகம் போன்றவற்றுக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டிவரும் என்பதால் வேன் வாடகையையும் தங்கும் செலவையும் அதோடு சேருங்கள். அறுபத்தைந்தைக் கடந்தவரைப் புதிதாகச் சேர்க்கும் காப்புறுதிகள் குறைவு. சித்தப்பா ஒவ்வொரு மாதமும் 100 பவுணைத் தொடாமல் ஒதுக்கிவைக்கிறார். அவருடைய கண்புரைச் சத்திரசிகிச்சை அந்தப் பணத்தில்தான் நடந்தது. அவசரத்துக்கு 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பணத்தை எங்கே வைப்பது என்பதில் என் கருத்து உறுதியானது. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதங்களில் 360 ரூபாவுக்குப் பாய்ந்தது. செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது சதவீதத்தை நெருங்கியது. அதற்கு முன் வீட்டை விற்ற பணம் முழுவதையும் ரூபாவாக்கி நிலையான வைப்பில் போட்டவர்களின் சேமிப்பு கண்முன்னே கரைந்தது. மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் ரூபாவாக்குங்கள். மிகுதியைப் பவுணாகவே வைத்திருங்கள். ரூபா வைப்பின் வட்டி கவர்ச்சியாகத் தெரிந்தாலும் 2025 ஏப்ரல் முதல் அந்த வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது. பிரித்தானிய வங்கிக் கணக்கை மூடிவிட்டு வராதீர்கள்; வெளிநாட்டு முகவரியை ஏற்குமா என்று புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும் கூட்டினால் பண்டாரவளையில் இருவரின் மாதச் செலவு, வாடகையும் மருத்துவ ஒதுக்கும் உட்பட, கொப்பியின்படி இரண்டரை இலட்சம் ரூபாவை ஒட்டி நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போவதற்கான விமானச் செலவு இதில் இல்லை. இருவருக்கும் குறைந்தது 1,500 பவுண் தனியே வேண்டும்.

கொப்பியின் கடைசிப் பக்கத்துக்கு 'திரும்பிப் போக' என்று சித்தி தலைப்பிட்டிருக்கிறார். துணையை இழந்தாலோ, உடல் தளர்ந்தாலோ மீண்டும் லண்டனுக்குப் போக நேரலாம். நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் ஓய்வூதியம் அன்றைய முழு வீதத்துக்கு உயரும், சுகாதார சேவையும் மீண்டும் கிடைக்கும், ஆனால் அதுவரை நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும். இரண்டு பயணச்சீட்டு, மூன்று மாத வீட்டு வாடகை, ஒரு மாதச் சாப்பாடு என்று மூன்று வரிகள் அங்கே இருக்கின்றன; அவற்றுக்கான பணம் லண்டன் கணக்கில் கிடக்கிறது. கொப்பி முழுவதும் பேனாவால் எழுதப்பட்டிருக்க, அந்தப் பக்கம் மட்டும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை லண்டன் வாடகையை அவர் அழித்து எழுத வேண்டியிருக்கிறது.