விடியக்காலம் விழிப்பு வந்தால் எழும்பி உட்காருங்கள்

திடீரென்று கண் விழிக்கிறது. மணி 3.40. யாரும் கூப்பிடவில்லை, கண்ட கனவும் ஞாபகம் இல்லை, தூக்கமும் திரும்பி வருவதாக இல்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் இப்படி நடந்தால், இதுக்கு ஏதோ அர்த்தம் இருக்குமோ என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். இருக்கிறது என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் அதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, அந்த நேரத்தில் எழும்பி உட்கார்ந்து பழகினால் மெல்லப் பிடிபடும். எப்படி உட்காருவது, யார் உட்காரக்கூடாது, எனக்குப் பழகியவரைக்கும் சொல்கிறேன்.

முதல் காரியம், மொபைலைத் தொடாதீர்கள். மணி பார்ப்பதற்குக்கூட வேண்டாம், சுவரில் ஒரு கடிகாரம் மாட்டிக்கொள்ளுங்கள். அப்பா இறந்த வருஷம் எனக்குத் தினமும் மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவில் விழிப்பு வரும், படுத்தபடியே மொபைலை எடுத்து இதற்கு என்ன அர்த்தம் என்று தேடுவேன். பேய் நடமாடும் நேரம் என்று ஒன்று சொல்லும், முன்னோர் கோபம் என்று இன்னொன்று சொல்லும், 3.33 என்ற எண்ணுக்கு ஒரு பெரிய விளக்கம் வரும். கடைசியில் ஒரு ஜோசியரிடம் போனேன். பித்ரு தோஷம், பரிகாரம் செய்யவேண்டும் என்று 7,000 ரூபாய் வாங்கினார். விழிப்பு நிற்கவில்லை. பணத்தைவிட, அப்பாவின் நினைவோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டிய அந்த நாட்களைப் பயந்து போர்வைக்குள் கிடந்தே கழித்தேன் என்பதுதான் இன்றும் மனசில் கிடக்கிறது. அதனால் சொல்கிறேன், அந்த நேரத்தில் வரும் விழிப்புக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. யாராவது பயமுறுத்திப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, மணிக்கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம். மூன்று மணிக்கு விழிப்பு வந்தாலே பிரம்ம முகூர்த்தம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. ஒரு நாழிகை 24 நிமிஷம், இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிஷம். சூரிய உதயத்துக்கு இரண்டு முகூர்த்தம் முன்னால், ஒரு மணி 36 நிமிஷம் முன்பு, பிரம்ம முகூர்த்தம் தொடங்கும், உதயத்துக்கு 48 நிமிஷம் இருக்கும்போது முடிந்துவிடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மே கடைசியில் சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கு உதிக்கும், அப்போது 4.24 முதல் 5.12 வரை. ஜனவரி கடைசியில் உதயம் 6.40-ஐ ஒட்டி வரும், அப்போது 5.04 முதல் 5.52 வரை. ஒரே ஊரிலேயே நாற்பது நிமிஷம் மாறுகிறது பாருங்கள். சென்னைக்குப் போட்ட நேரத்தை நாகர்கோவிலில் வைத்துக்கொண்டு அலாரம் வைப்பதில் பொருள் இல்லை, தினசரி காலண்டரில் நம்ம ஊர் உதயத்தைப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மூன்று மணிக்கு எழும்பியவர் என்ன செய்வது? அந்த நேரத்துக்கும் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது, வைகறை. ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்த நம் இலக்கணத்தில் பத்து நாழிகை கொண்ட கடைசிப் பொழுது அது, இரவு 2 மணியில் தொடங்கி 6 மணி வரைக்கும். 'வைகறைத் துயில் எழு' என்று ஔவையார் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படித்துவிட்டு மறந்துபோனோம். ஆக, மூன்று மணியானாலும் நாலரையானாலும் நீங்கள் வைகறைக்குள்தான் இருக்கிறீர்கள், நேரம் தப்பிவிட்டது என்ற கவலையே வேண்டாம்.

உடம்புக்குள்ளும் காரணம் உண்டு. தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்று சுற்றாக வருகிறது, ஆழ்ந்த தூக்கமெல்லாம் பெரும்பாலும் முன்னிரவிலேயே முடிந்துவிடும், பின்னிரவில் கனவும் மேலோட்டமான தூக்கமும்தான். விடியலை நோக்கி உடம்பும் தன்னைத் தயார்ப்படுத்தத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ஒரு நாய் குரைத்தாலும் கரண்ட் போய் ஃபேன் நின்றாலும் விழிப்பு வந்துவிடும். காரணம் உடம்பில் இருக்கிறது என்பதால் அந்த நேரத்தின் மதிப்பு எனக்குக் குறையவில்லை. பசி உடம்பில்தான் வருகிறது, அதற்காகச் சோற்றை நாம் மதிக்காமல் இருக்கிறோமா?

இனி உட்காரும் முறை. விழிப்பு வந்ததும் துள்ளி எழும்ப வேண்டாம், வலப்பக்கமாகத் திரும்பி மெதுவாக எழும்புங்கள். பெரிய விளக்கைப் போடாதீர்கள், வெளிச்சம் கண்ணில் அடித்தால் அந்த அமைதி போய்விடும். முகம், கை, கால் கழுவிக்கொண்டு, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு பாயில் உட்காருங்கள், முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம், அதில் ஒரு குறையும் இல்லை. குளித்துவிட்டுத்தான் உட்காரவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். மார்கழியில் அது எல்லாராலும் முடியாது, முடியாததைச் சட்டமாக்கிக்கொண்டு மூன்றாவது நாளே விட்டுவிடுவதைவிடக் கால் கழுவி உட்காருவது மேல். என் பாட்டி வாசலில் கிண்டியில், அதாவது மூக்கு வைத்த செம்பில், தண்ணீர் வைத்திருப்பாள், காலில் ஊற்றி, கண்ணில் ஒற்றி, ஒற்றைத் திரி போட்டு நல்லெண்ணெய் விளக்கைக் கொளுத்துவாள். சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தால், "மக்கா, எழும்பிட்டியா? வா, பேசாம இரி" என்பாள். அவ்வளவுதான் அவள் எனக்குக் கொடுத்த உபதேசம். நானும் விளக்குச் சுடர் ஆடி ஆடி நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவள் மடியோரம் இருப்பேன்.

உட்கார்ந்தபின் முதல் ஐந்து நிமிஷம் மனசு நேற்றைய கணக்கைத்தான் எடுத்துப் போடும். யார் என்ன சொன்னார்கள், எந்தக் கடன் பாக்கி, பிள்ளையின் பீஸ். இதைப் பார்த்து, தியானம் எனக்கு வராது என்று எழும்பிவிடாதீர்கள். எனக்கு இந்த இடம் புரிந்தது குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற என் மாமாவோடு ஒரு நாள் போனபோதுதான். இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார். வெயில் ஏறிவிட்டால் இலை தண்ணீரை மேலே இழுக்கத் தொடங்கும், பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் சரியாக வடியாது, அதனால்தான் இந்த நேரத்து வேலை. ஆனால் மரத்தடிக்குப் போனதும் அவர் கத்தியை வைப்பதில்லை. போன வெட்டின் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை விரலால் நெம்பி, ஒரே நாடாவாக உரித்துக் கூடையில் போடுகிறார். அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். அப்புறம்தான் பட்டையை மெல்லிசாக ஒரு சீவு, கை நகத்தின் கனம்கூட இல்லை. கோட்டின் மேல் வெள்ளையாகத் துளிர்த்து, சேர்ந்து, ஒழுகி, சிரட்டையில் முதல் சொட்டு விழுகிற சத்தம் அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது. "ஆழமா வெட்டினா என்ன மாமா?" என்று கேட்டேன். "பட்டைக்கு உள்ள இருக்கிற தடியில பட்டிரும் மக்கா, அப்புறம் அந்த இடம் முண்டு முண்டா வீங்கிரும், நேரா பட்டை வராது" என்றார்.

அன்றைக்குப் பிறகு நான் செய்வது இதுதான். முதல் ஐந்து நிமிஷத்தை நேற்றைய ஒட்டுப்பாலை உரிக்க விட்டுவிடுவேன், வருவது வரட்டும், பதில் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் போக விடுவேன். பிறகு மூச்சைக் கவனிப்பேன், இழுத்துப் பிடித்தோ எண்ணியோ அல்ல, சும்மா வந்து போவதைப் பார்ப்பது. அதன்பின் ஒரு பெயர். உங்கள் தெய்வத்தின் பெயர் எதுவோ அது. பதினைந்து இருபது நிமிஷம் போதும். ஆரம்பத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து மனசைப் பிழிந்து எடுக்கவேண்டாம்.

பெயர் எது என்று நான் சொல்லமாட்டேன், நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யா வழிக்காரர்களுக்கு விடியலில் உகப்படிப்பு என்ற வழிபாடு இருக்கிறது, சாமிதோப்பில் முத்திரிக் கிணற்றுத் தண்ணீரில் நனைந்துவிட்டு அவர்கள் கோயிலான பதிக்குள் போகும் அந்தக் குளிர்ச்சியை ஒருமுறையாவது அனுபவியுங்கள். கிறிஸ்தவ அன்பர்கள் மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பார்க்கலாம், இயேசு இருட்டோடே எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் ஜெபம் செய்ததாக அதில் வருகிறது. முஸ்லிம்களுக்குத் தஹஜ்ஜுத் தொழுகை இருக்கிறது, இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கு அதற்குச் சிறப்பான நேரம். மாலைத் தொழுகையான மஃரிப் 6.30, விடியல் தொழுகையான சுபுஹு 5 மணி என்று வைத்தால் இரவு பத்தரை மணி நேரம், அதில் கடைசி மூன்றரை மணி நேரம், அதாவது ஒன்றரைக்கு மேல். அப்புறம் பாங்கு வந்துவிடும், தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று. கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு நாளாவது நிர்மால்ய தரிசனத்துக்குப் போங்கள். முந்தின இரவு சார்த்திய பூ வாடியும் வாடாமலும் இருக்க, நடை திறந்ததும் அந்தக் கோலத்திலேயே சாமியைப் பார்ப்பது. முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் என்பதால் இந்த வழக்கம் நமக்கு நன்றாகவே பழக்கம்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அங்கே இரவில் இந்திரன் வந்து பூஜை செய்வதாக நம்பிக்கை. அதனால் இரவு பூஜை செய்து நடை சாத்தியவர் மறுநாள் காலையில் நடை திறக்கமாட்டார், வேறொருவர்தான் திறப்பார், உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று அவர்கள் சத்தியம் செய்வார்கள் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தோம். எனக்கு இதைவிடப் பெரிய வழிகாட்டல் தேவைப்படவில்லை. விடியக்காலம் உட்கார்ந்திருக்கும்போது என்றாவது காரணம் இல்லாமல் கண்ணீர் வரும், ஒரு நாள் நெஞ்சு முழுக்க ஒரு அமைதி பரவும், இறந்துபோனவர் பக்கத்தில் இருப்பது மாதிரி இருக்கும். எனக்கும் அப்பா அப்படி வந்திருக்கிறார். இதை ஸ்டேட்டஸில் போடாதீர்கள், குடும்பக் குரூப்பிலும் சொல்லாதீர்கள். சொன்ன நிமிஷத்திலிருந்து மறுநாளும் அதே வரவேண்டும் என்று மனசு காத்துக்கிடக்கும், காத்துக்கிடந்தால் வராது.

விழிப்பு தானாக வராதவர்கள், எழும்ப ஆசைப்பட்டால், வேலையை முந்தின இரவிலேயே தொடங்குங்கள். ஏழரை எட்டுக்குள் கஞ்சியோ தோசையோ, வயிற்றுக்கு லேசாக. பத்துக்கு முன் படுக்கை. ஆறரைக்கு எழும்புகிறவர் ஒரேயடியாக நாலரைக்குப் போகாமல், நாலைந்து நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரமாகக் குறைத்துக்கொண்டே வரலாம். பன்னிரண்டு மணி வரைக்கும் சீரியல் பார்த்துவிட்டு நாலரைக்கு எழும்புவது உடம்புக்குச் செய்யும் துரோகம், அதில் ஆன்மிகம் எதுவும் இல்லை.

உட்காரக்கூடாதவர்களும் உண்டு. பிரம்ம முகூர்த்தத்தில் எழும்பச் சொல்லும் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயமே ஆரோக்கியமாக இருப்பவர் எழும்பட்டும் என்றுதான் சொல்கிறது, அதைப் பலர் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்கிறார்கள். கைக்குழந்தைக்காரி, நைட் ஷிப்ட் பார்க்கும் நர்ஸ், காய்ச்சலில் கிடப்பவர், இவர்கள் தூங்குவதுதான் அவர்களுக்கு வழிபாடு. மூத்திரம் போவதற்காகவே இரண்டு மூன்று தடவை விழிப்பு வந்தால் சர்க்கரை பாருங்கள். மூச்சு அடைத்து, பலமாகக் குறட்டை விட்டு விழித்தாலும் டாக்டரிடம் போங்கள். வாரக்கணக்கில் மூன்று மணிக்கே விழித்து, எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்ந்து என்ன என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வந்தால் தனியாக இருட்டில் உட்காராதீர்கள், வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், விடிந்ததும் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், மருந்து இருக்கிறது, குணமாகும்.

உட்கார்ந்து முடித்ததும் தூக்கம் வந்தால் தூங்குங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். வராவிட்டால் வாசலைத் திறந்து ஐந்து நிமிஷம் நில்லுங்கள். தோவாளைப் பூச்சந்தைக்கு மூட்டையோடு போகும் வண்டி, தூரத்தில் கோயில் மணி, கடற்கரை ஊராக இருந்தால் கரைக்குத் திரும்பும் வள்ளத்தின் என்ஜின் சத்தம், எல்லாம் கேட்கும். எனக்கு அதன்பிறகு பால் இல்லாத ஒரு கட்டஞ்சாயா, கருப்பட்டி போட்டு.

நாளைக்கே தொடங்குவதாக இருந்தால், இன்று படுக்கப் போகும் முன் திரியைப் போட்டு எண்ணெய் ஊற்றி வைத்துவிடுங்கள், தீப்பெட்டியும் விளக்கின் பக்கத்திலேயே இருக்கட்டும். இருட்டில் அதைத் தேடி அலமாரியை உருட்டினால் வீடே எழும்பிவிடும்.