‘நிறைந்த’ என்று பொருள்படும் ‘ரிப்ளீட்’ (replete) என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது?

‘கிணற்றுடன் கூடிய வீடு’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ரிப்ளீட் வித் எ வெல்’ என்று ஒருமுறை எழுதிவிட்டேன். திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே கேள்விதான் கேட்டிருந்தார்: “வீடு நிறையக் கிணறா?” அதன் பிறகே இந்தச் சொல்லை ஒழுங்காகப் படித்தேன்.

முதல் படி, வேர். ‘நிரப்பு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. கம்ப்ளீட், டிப்ளீட் இரண்டும் இதன் உடன்பிறப்புகள். உச்சரிக்கும்போது ‘ப்ளீட்’டில் அழுத்தம் விழ வேண்டும்.

இரண்டாம் படி, பின்னால் வரும் சொல். ‘வித்’ மட்டுமே. ‘நீரால் நிறைந்த’ என்று பழகிய நமக்குக் கை தானாக ‘பை’ எழுதப் போகும். ‘ஃபுல் ஆஃப்’ நினைவில் ‘ஆஃப்’ போடுவதும் தவறு.

மூன்றாம் படியில்தான் நான் விழுந்தேன். எழுதும் முன் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நிறைந்த’, ‘மலிந்த’ என்று வந்தால் ரிப்ளீட். ‘உடன் கூடிய’ என்று வந்தால் ‘கம்ப்ளீட் வித்’. கல்வெட்டுகள் நிறைந்த கோயில், பிழைகள் மலிந்த அறிக்கை: இரண்டுக்கும் ரிப்ளீட் பொருந்தும். மூடியுடன் கூடிய பாத்திரத்துக்குப் பொருந்தாது; மூடி ஒன்றுதானே! அச்சில் சிலர் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. நம் மொழி இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் வேறுபாட்டை ஏன் இழக்க வேண்டும்?

நான்காம் படி, வயிறு. விருந்துண்டு நிறைந்தவரையும் ரிப்ளீட் எனலாம். ஆனால் அது ஏட்டு நடை. பந்தியில் ‘ஃபுல்’ போதும். ஆஸ்திரேலியாவிலும் மெக்சிகோவிலும் தேன்குட எறும்புகள் உண்டு. அவற்றில் சில வேலைக்கார எறும்புகள், இனிப்புச் சாறு நிரம்பிய வயிறு திராட்சைபோல் உப்ப, புற்றின் கூரையில் தொங்குகின்றன. பஞ்ச காலத்தில் மற்ற எறும்புகள் அவற்றிடம் வாங்கி உண்ணும். அந்த எறும்புகளுக்குப் பெயரே ‘ரிப்ளீட்’. எனக்கு இந்தச் சொல் மறக்காமல் இருப்பது அவற்றால்தான்.

அகராதி வாங்குவதானால் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ள கற்போர் அகராதியையே வாங்குங்கள். பொருளை மட்டும் தருவது ‘வித்’தைச் சொல்லித் தராது.

பின்சேர்க்கை: ‘ஃப்ராட் வித்’தும் (fraught with) இதுவும் ஒன்றா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. அது ஆபத்து, சிக்கல், கவலை போன்றவற்றுக்கு வருவது. ரிப்ளீட் நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும்.